திணையும் கணினி நிலப்படமும்: உத்திரமேரூரை முன்வைத்து



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில் கணினி நிலப்படத்திற்கு என்ன வேலை என்னும் வினா எழுவது இயல்பே. அவ்வினாவிற்கான விடை தமிழ் இலக்கணத்திலேயே கிடக்கின்றது. நிலத்தை வகைப்படுத்தி, அந்நிலத்து உயிர்களையும் உணவையும் தொழிலையும் அதன்மேல் நிரல்பட வைத்து, அவற்றின் வழியே மாந்தர் வாழ்வைச் சொல்லும் முறையைத் தமிழ் நெடுங்காலத்திற்கு முன்பே வகுத்துக்கொண்டது. தொல்காப்பியம் அதனை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலாயின கருப்பொருள். அந்நிலத்தில் வாழ்வோர் நெஞ்சில் நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றனுள் முதலினும் கரு சிறந்தது, கருவினும் உரி சிறந்தது என்பது தொல்காப்பியர் துணிபு.

இன்று புவியியல் தகவல் முறைமை என வழங்கும் கணினிக் கருவியும் ஏறத்தாழ இவ்வகையிலேயே இயங்குகின்றது. அடியில் நிலம், அதன்மேல் நீர்நிலை ஓர் அடுக்கு, சாலை ஓர் அடுக்கு, வீடு ஓர் அடுக்கு, பள்ளியும் மருத்துவமனையும் ஓர் அடுக்கு. இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நோக்கி, ஓர் ஊரார் எவ்வளவு நலமாக வாழ்கின்றனர் என்று மதிப்பிடும் முயற்சிகள் உலகெங்கும் நடைபெறுகின்றன. எந்த ஊருக்குச் சாலை, எந்த ஊருக்குப் பள்ளி, எந்த ஊருக்குக் குடிநீர் என்பன இம்மதிப்பீட்டைக் கொண்டு முடிவு செய்யப்படுங்காலம் வந்துவிட்டது. ஆதலின் இஃது அறிவியலார்க்கு மட்டும் உரிய செய்தி அன்று. முதலையும் கருவையும் கணினி செவ்வனே வரையும். உரியை அவ்வூர் மக்களே சொல்லுதல் வேண்டும். அதனைச் சேர்க்காத மதிப்பீடு வாழ்க்கைத் தரத்தின் மதிப்பீடு ஆகாது. இக்கருத்தைக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரை முன்வைத்து ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதற்பொருள்: கல்லில் எழுதிய நிலப்படம்

உத்திரமேரூர் என்றவுடன் அனைவர்க்கும் நினைவுக்கு வருவது குடவோலை. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் இன்றும் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டதும், குடும்புதோறும் ஓலையிட்டு வாரிய உறுப்பினரைத் தேர்ந்ததும் பள்ளிப் பாடநூல் வரை சென்ற செய்திகள். அவ்வளவாகப் பேசப்படாத மற்றொரு செய்தியும் அவ்வூர்க் கல்வெட்டுகளில் உண்டு. அஃது அவ்வூரார் நிலத்திற்கு முகவரி சொன்ன முறையாகும்.

அவ்வூர் நிலத்தின் குறுக்கும் நெடுக்குமாக வதிகளும் வாய்க்கால்களும் சென்றன. வதிகள் வடக்குத் தெற்காக ஓடின. வாய்க்கால்கள் கிழக்கு மேற்காக ஓடின. இறைவன் பெயரோ அரசன் பெயரோ அவற்றிற்கு இடப்பட்டது. ஒரு வயலைக் குறிக்க வேண்டின், இன்ன வதிக்கு மேற்கு அல்லது கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு அல்லது தெற்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுக்கம் என்று கல்வெட்டு கூறும். கண்ணாறு என்பது வாய்க்காலிலிருந்து பிரியும் சிறுகால். சதுக்கம் என்பது அதனால் அமையும் சதுர நிலத்துண்டு. காவிரிப் படுகையின் சதுர்வேதிமங்கலங்கள் பலவற்றிலும் இம்முறை வழங்கிற்று.

இதனைச் சற்றே ஆழ்ந்து நோக்குதல் தகும். நெடுக்கை ஒரு கோடு, குறுக்கை ஒரு கோடு. இரண்டிலிருந்தும் எத்தனையாவது என்னும் எண்ணிக்கை. இவை கிடைத்துவிட்டால் பேரூரின் எந்த மூலையிலுள்ள வயலையும் ஐயமின்றிச் சென்றடையலாம். இன்றைய நிலப்படம் அகலாங்கு, நெட்டாங்கு என்று கூறுவதன் அடிப்படையும் இதுவே. உத்திரமேரூர் ஏறத்தாழ 12.6 பாகை வட அகலாங்கிலும் 79.8 பாகை கிழக்கு நெட்டாங்கிலும் உள்ளது என்று கணினி கூறுகின்றது. ஒருவர் கையிலுள்ள கைப்பேசி, வானில் சுற்றும் செயற்கைக்கோள்களுள் குறைந்தது நான்கினிடமிருந்து வரும் அலைகளைக் கொண்டு தன் இடத்தைக் கணித்துக்கொள்கின்றது. வதிக்கும் வாய்க்காலுக்கும் பதிலாக உலகு முழுமைக்கும் பொதுவான கற்பனைக் கோடுகள் வந்தன. எண்ணி இடம் சொல்லும் அறிவு அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

இடைப்பட்ட ஆயிரம் ஆண்டுகளிலும் இப்பகுதி அளவைக்கு ஓய்வு தரவில்லை. முதலாம் இராசராசன் சோழநாட்டை அளப்பித்தான். கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் செங்கற்பட்டுச் சீமை சென்ற பின்னர், 1767க்கும் 1774க்கும் இடையே தாமசு பார்னார்டு என்பார் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து, ஊர்தோறும் வீடு, குடி, வயல், தோப்பு, ஏரி ஆகியவற்றின் கணக்கைத் தொகுத்தார். தரம்பால் அவர்களும் அவரைப் பின்பற்றிய சென்னை ஆய்வாளர்களும் அக்கணக்குகளை மீண்டும் வெளிக்கொணர்ந்தனர். 1802இல் வில்லியம் லாம்டன் இந்திய நாட்டை முக்கோண முறையால் அளக்கத் தொடங்கியபோது, அதன் அடிக்கோடு சென்னைப் பரங்கிமலை அருகேதான் இடப்பட்டது.

இக்காலத்தில் அப்பணி கணினி வழி நிகழ்கின்றது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் புவன் என்னும் நிலப்படத் தளம் 2009இல் தொடங்கப்பெற்றது. ஒரு மீட்டருக்கும் குறைந்த அளவுடைய பொருளையும் பிரித்துக் காட்டும் செயற்கைக்கோள் படங்கள் கிடைக்கின்றன. தமிழக அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' என்னும் இணையத் தளத்தில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை உழவர் வீட்டிலிருந்தே காணலாம். வரலாற்று ஆய்விலும் இக்கருவி புகுந்துள்ளது. பேராசிரியர் எ. சுப்பராயலு கல்வெட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களைக் கொண்டு சோழநாட்டு நாடுகளின் எல்லைகளை வரைந்த நூல் 1973இல் வெளிவந்தது. பின்னர்ப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் தென்னிந்திய வரலாற்று நிலப்படத் தொகுப்பு கணினி வடிவில் உருவாயிற்று. முதற்பொருளைப் பொறுத்தவரை கணினி நிலப்படம் தமிழர்க்குப் புதுமையும் அன்று, பகையும் அன்று.

கருப்பொருள்: சராசரி மறைக்கும் ஊர்

வாழ்க்கைத் தரம் என்பதனை எண்ணால் அளக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. ஒரு நாட்டின் வருவாயை மட்டும் கொண்டு மக்கள் நலத்தை அறிய இயலாது என்று கருதிய மாரிசு டேவிட் மாரிசு, எழுத்தறிவு, குழந்தை இறப்பு, வாழ்நாள் ஆகிய மூன்றையும் சேர்த்து ஓர் அளவுகோலை 1979இல் வெளியிட்டார். 1990இல் மகபூப் உல் அக்கு அவர்களின் முயற்சியால் ஐக்கிய நாடுகளின் மனித மேம்பாட்டுக் குறியீடு வந்தது. இந்தியாவில் நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட பன்முக வறுமைக் குறியீடு உடல்நலம், கல்வி, வாழ்நிலை என்னும் மூன்று தலைப்புகளில் 12 கூறுகளைக் கணக்கிட்டு, மாவட்டந்தோறும் நிலையை வண்ணப்படமாகக் காட்டிற்று.

வண்ணப்படம் கண்ணைக் கவரும். ஆனால் மாவட்டம் முழுமைக்கும் ஒரே வண்ணம் பூசப்படும்போது ஊர் மறைந்துவிடும். இதற்குக் காஞ்சிபுரம் மாவட்டத்தைக் காட்டிலும் பொருத்தமான சான்று வேண்டியதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் காஞ்சிபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 40 இலட்சம். அவ்வெண்ணுக்குள் தாம்பரமும் பல்லாவரமும் அடக்கம். திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளின் மகிழுந்துத் தொழிற்சாலைகளும் அடக்கம். ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைவிக்கும் உத்திரமேரூரும் அடக்கம். தொழிற்சாலையின் வருவாயும் கடைமடை உழவரின் வருவாயும் கூட்டி வகுக்கப்பட்டால் கிடைக்கும் எண் இருவர் வாழ்வையும் சொல்லாது. 2019 நவம்பரில் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. தாம்பரமும் பல்லாவரமும் அதனோடு சென்றன. உத்திரமேரூர் காஞ்சிபுரத்திலேயே நின்றது. எல்லைக்கோடு மாறியவுடன் மாவட்டத்தின் சராசரியும் மாறும். உத்திரமேரூர் ஏரிக்கரையில் அன்று ஒரு பிடி மண்ணும் இடம் மாறவில்லை. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்போ தள்ளிப் போயிற்று. பழைய எண்களைப் புதிய படத்தின்மேல் ஏற்றினால் படத்தின் பளபளப்பு எண்ணின் பழமையை மறைத்துவிடும்.

கணினி நிலப்படத்தின் உண்மையான பயன் இங்குதான் வெளிப்படுகின்றது. மாவட்டத்தை விட்டு ஊருக்கும், ஊரை விட்டுத் தெருவிற்கும் இறங்கிச் செல்ல அஃது இடந்தரும். ஒரு சிற்றூரிலிருந்து நியாயவிலைக் கடை எவ்வளவு தொலைவு, ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தொலைவு, பேருந்து நிற்குமிடம் எங்கே, மேல்நிலை நீர்த்தொட்டியிலிருந்து குழாய் எத்தெரு வரை சென்றது என்பவற்றையெல்லாம் படத்தின்மேல் இட்டு நோக்கினால், அடுத்தடுத்த இரண்டு ஊர்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு கண்ணெதிரே தெரியும்.

இதில் உத்திரமேரூர்ப் பகுதிக்கு ஒரு தனிச்சிறப்பும் உண்டு. அவ்வூருக்கு வடகிழக்கே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையைக் குறிக்கின்றது. மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர், தண்ணீர் எடுப்போர் என ஒவ்வொருவர்க்கும் உரிய ஊதியத்தையும், சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களையும் அக்கல்வெட்டு நிரல்படக் கூறும். பதினோராம் நூற்றாண்டின் அக்கல்லில் இருப்பது இன்று வாழ்க்கைத் தர ஆய்வாளர் திரட்டும் அதே விவரம்: எத்தனை படுக்கை, எத்தனை பணியாளர், என்ன மருந்து. கருப்பொருளைப் பட்டியலிடுவதில் தமிழ்க் கல்வெட்டு எழுதியோர் எவர்க்கும் பின்தங்கியவர் அல்லர்.

பட்டியலின் குறை

எனினும் அப்பட்டியல்களில் ஒரு குறையும் இருந்தது. அதனை மறைத்துப் பெருமை பேசுதல் ஆராய்ச்சிக்கு அழகன்று. உத்திரமேரூரில் குடவோலையில் பெயர் எழுதப்பெற வேண்டுமாயின், கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி 35 வயதிற்கு மேலும் 70க்குள்ளும் இருத்தல் வேண்டும். மறை ஓதியிருத்தலும் வேண்டும். அஃது ஒரு பிரமதேய ஊரின் சபை. அவ்வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கும் ஏர் பிடித்த கூலியாளுக்கும் அங்கு ஓலை இல்லை. வயலின் முகவரி கண்ணாறு வரை துல்லியமாகத் தெரிந்த கல்வெட்டுக்கு, அவ்வயலில் உழைத்தவரின் பெயர் தெரியவில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் இதே நிலைதான். வரி நீக்கிய நிலங்களை அவை எண்ணும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு கம்மாணசேரியையும் பறைச்சேரியையும் சுடுகாட்டையும் குறிக்கின்றன. சில ஊர்களில் சுடுகாடும் இன்னார்க்கு இன்னது எனத் தனித்தனியே சொல்லப்படுகின்றது. சேரி நிலப்பட்டியலில் இடம்பெற்றது. அங்கு வாழ்ந்தோர் என்ன உண்டனர், எங்கு நீர் மொண்டனர் என்பது இடம்பெறவில்லை. அளவை எவ்வளவு நுட்பமாயினும், எதனை அளப்பது என்று முடிவு செய்யும் உரிமை சிலரிடமே இருந்தால், அளவையின் பயனும் அச்சிலரைச் சுற்றியே நிற்கும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இக்குறை இன்றைய கணினிப் படத்திற்கும் நேரலாம் என்பதே ஈண்டு கவலைக்குரியது.

உரிப்பொருள்: கேட்டால் மட்டுமே தெரிவது

மேலிருந்து நோக்கும் செயற்கைக்கோள் உத்திரமேரூர் ஏரியைக் காண்கின்றது. பல்லவர் காலத்தில் வயிரமேக தடாகம் எனப் பெயர்பெற்ற ஏரி அது. சோழர் காலத்தில் அதனைக் காக்க அறுவர் கொண்ட ஏரி வாரியம் இருந்தது; தூர்வாரிக் கரையைப் பேணுவதற்கு அறக்கொடை அளித்த செய்திகளும் உள. நீர்ப்பரப்பு எவ்வளவு விரிந்தது, எந்தத் திங்களில் சுருங்கிற்று என்பதனைச் செயற்கைக்கோள் படம் பிழையின்றிச் சொல்லும். ஏரி நிறைந்திருந்தும் கடைமடை வயலுக்கு நீர் ஏன் வரவில்லை என்பதனை அது சொல்லாது. மதகு பழுதா, கால்வாய் தூர்ந்ததா, முறைநீர் விடுவதில் பூசலா என்பதனைக் கடைமடைக்காரரைக் கேட்டே அறிதல் வேண்டும். வயல் சார்ந்த மருதத்திற்கு ஊடலை உரிப்பொருளாக வைத்தது தமிழ் மரபு. அஃது அகத்திணையில் தலைவன் தலைவியர்க்கு உரியது. எனினும், எல்லாம் நிறைந்த நிலத்திலும் தனக்குரியது தன்னிடம் வந்து சேராத ஒருவரின் மனக்குறை உண்டு என்னும் உண்மை ஏரிப் பாசன ஊருக்கும் பொருந்தக் காணலாம்.

தொலைவும் அத்தகையதே. ஒரு குடியிருப்பிலிருந்து சுடுகாடு அரைக் கிலோமீட்டர் எனப் படம் காட்டும். இடையில் உள்ளது பிறர் வயல்; கார்காலத்தில் முழங்கால் அளவு நீர்; பயிர் நின்றால் பாடை தூக்கிச் செல்ல வழியில்லை. தமிழகத்துச் சிற்றூர்களில் இது பழகிப்போன துயரம். பேருந்து நிறுத்தம் ஊர் முனையில் உள்ளது எனப் படம் காட்டும். மாலை வகுப்பு முடித்து வரும் மாணவி இருட்டில் நடந்து வர அஞ்சுகின்றாள் என்பதனை அது காட்டாது. குழாய் உள்ளது எனப் படம் காட்டும். நீர் விடியற்காலையில் வருகின்றதா, ஆண்கள் வேலைக்குச் சென்ற பிறகு வருகின்றதா, அதற்காக எந்தப் பெண் ஒருநாள் கூலியை இழக்கின்றாள் என்பன குழாயின் படத்தில் இல்லை. இவையனைத்தும் உரிப்பொருள். வாழ்க்கைத் தரம் என்பது பெரும்பாலும் இவற்றில்தான் உள்ளது.

நிலப்படம் மக்கள் நலத்திற்குப் பயன்பட்டதற்கு எல்லாரும் காட்டும் சான்று இலண்டன் மாநகரிலிருந்து வருவது. 1854இல் அந்நகரின் சோகோ பகுதியில் வாந்திபேதி பரவிப் பத்தே நாளில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருத்துவர் சான் சுனோ இறப்பு நேர்ந்த வீடுகளைப் படத்தில் குறித்தார். குறிகள் பிராடு தெருவின் ஒரு நீரேற்றுக் குழாயைச் சூழ்ந்து நின்றன. அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. கதை பெரும்பாலும் இவ்வளவோடு நிறுத்தப்படும்.

அவர் செய்த மற்றொன்று இதனினும் பெரிது. அவர் வீடு வீடாகச் சென்று, எந்தக் குழாயின் நீரைக் குடித்தீர்கள் என்று கேட்டார். அருகிலேயே இருந்த மதுவடிப்பு ஆலையின் தொழிலாளர் ஏன் சாகவில்லை என்று வினவினார். அவர்கள் அக்குழாய் நீரைக் குடிப்பதில்லை என்பது தெரிந்தது. நெடுந்தொலைவில் ஆம்சுடெடு பகுதியில் வாழ்ந்த ஒரு மூதாட்டியும் அதே நோயால் இறந்தார். படத்தில் அவர் எங்கோ தனியே நின்றார். மகனைக் கேட்டபோதுதான், முன்பு தாம் வாழ்ந்த பிராடு தெருக் குழாயின் நீர்ச் சுவையை மறக்கமுடியாமல் நாள்தோறும் அந்நீரை வருவித்துக் குடித்தார் என்பது வெளிவந்தது. ஒரு முதியவளுக்குப் பழைய தெருவின் நீர்மேல் இருந்த பற்றினை எந்த அளவைக் கருவியும் அறிந்திராது. இறப்புகள் நேர்ந்த இடங்கள் ஐயத்தை வலுப்படுத்தின. கேட்ட செவியே விடையைக் கண்டது.

இந்தியாவிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1990களின் தொடக்கத்தில் கேரளத்துக் கண்ணூர் மாவட்டக் கல்யாசேரி ஊராட்சியில், கேரள சாத்திர சாகித்திய பரிசத்து என்னும் மக்கள் அறிவியல் இயக்கமும் நிலவியல் ஆய்வு மையமும் இணைந்து வளங்களைப் படமாக்கின. ஊரார் தாமே நடந்து சென்று, மண், நீர், நிலப்பயன் ஆகியவற்றை வரைந்தனர். கையால் வரைந்த படங்களே ஆயினும், தம் ஊரைத் தாமே அளந்தோம் என்னும் அறிவு அம்மக்களுக்குக் கிட்டிற்று. இன்று கைப்பேசி ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. யாரும் திருத்தவும் சேர்க்கவும் கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற பொதுப் படங்கள் 2004 முதல் உள்ளன. 2021 பிப்ரவரியில் இந்திய அரசு நிலப்படம் வரைவதற்கு இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்திற்று. கருவிக்குக் குறைவில்லை.

பெயர் என்னும் பொறுப்பு

இப்பணியில் புலவர்க்கும் கவிஞர்க்கும் உள்ள இடம் யாது? முதலாவது, பெயர். படத்தில் பெயரில்லாத இடம் ஆட்சியாளர் கண்ணுக்கு இல்லாத இடமாகும். தமிழ்ச் சிற்றூரில் ஒவ்வொரு மூலைக்கும் பெயர் உண்டு: நத்தம், மந்தைவெளி, களம், கலிங்கு, வரத்துக்கால், மேட்டுத்தெரு, பள்ளத்தெரு. கணினிப் படத்திலோ இவற்றுட் பல இல்லை. இருப்பனவும் ஆங்கில எழுத்தின் வழியே திரும்பி வந்து உருத்தெரியாமல் நிற்கின்றன. 2020 சூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தை அவற்றின் தமிழ் ஒலிப்பிற்கேற்ப மாற்றி ஆணையிட்டது. சில நாள்களிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப்பெயரைப் பிறமொழி எழுத்தில் எழுதுவதே இவ்வளவு இடர் தருமாயின், ஊருக்குள்ளிருக்கும் பெயர்களைத் தொகுப்பதற்கு எத்துணைப் புலமையும் பொறுமையும் வேண்டும் என்பது வெளிப்படை.

பெயரில் மானமும் உண்டு. பட்டியல் சாதி மக்கள் வாழும் பகுதியைக் 'காலனி' என்னும் ஒரே சொல்லால் குறித்துவந்த வழக்கு, அச்சொல்லையே இழிவின் அடையாளமாக்கிற்று. அரசுப் பதிவுகளிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அச்சொல் நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பதிவேட்டில் நீங்கிய சொல் கணினிப் படங்களிலும் நீங்குதல் வேண்டும். நீக்கிய இடத்தில் எப்பெயரை எழுதுவது? அங்கு வாழ்வோர் தம் தெருவை என்ன சொல்லி அழைக்க விரும்புகின்றனரோ அப்பெயரை. அதனைக் கேட்டு, பிழையின்றி எழுதித் தருவது மொழியறிந்தோர் கடன்.

இரண்டாவது, வினா. வாழ்க்கைத் தர ஆய்வுக்கென வரும் வினாப்பட்டியல்கள் பெரும்பாலும் மொழிபெயர்ப்புகள். 'தங்கள் குடும்பத்தின் மேம்படுத்தப்பட்ட குடிநீர் ஆதாரம் யாது' என்று கேட்டால் சிற்றூர் மூதாட்டி விழிப்பார். 'குடிக்கத் தண்ணி எங்கேம்மா எடுக்கறீங்க, எத்தனை நடை போகணும்' என்று கேட்டால் அவர் தம் வாழ்க்கையையே சொல்லிவிடுவார். மக்கள் சொல்லில் கேட்கவும், மக்கள் சொன்னதைச் சிதையாமல் எழுதவும் வல்லவர் இலக்கியம் பயின்றோரே.

மூன்றாவது, அவை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் இன்றைக்கும் எடுத்துக்கொள்ளத்தக்க நெறி ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்கு உரியர் அல்லர். அவருடைய நெருங்கிய உறவினரும் உரியர் அல்லர். அவ்விதிகளைச் சபை ஓலையில் எழுதி ஒளித்து வைக்கவில்லை. எல்லாரும் காணும் சுவரில் வெட்டிற்று. கணினி நிலப்படத்திற்கும் இந்நெறி வேண்டும். ஊரைப் பற்றித் திரட்டிய விவரம் ஊராருக்குத் திரும்பி வருதல் வேண்டும். உத்திரமேரூர் பேரூராட்சியைச் சூழ்ந்த ஊராட்சிகளில் சனவரி 26, மே 1, ஆகசுட்டு 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் கிராமசபை கூடுகின்றது. அவ்வவையில் படத்தைத் திரையில் காட்டித் தமிழில் படித்து, 'இது சரியா, எது விடுபட்டது' என்று கேட்டல் வேண்டும். 2016 முதல் ஊரக வேலை உறுதித் திட்டப் பணிகள் புவன் தளத்தின் வழியே படமெடுத்து இடங்குறிக்கப்பட்டன. வெட்டிய குளத்தின் படம் கணினியில் ஏறிற்று. அக்குளத்தில் நீர் நிற்கின்றதா என்று ஊரவையில் கேட்கும் வழக்கமும் அதனோடு ஏறியிருக்க வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டற்பாலது. ஊரின் குறையைப் படத்தில் இடலாம். ஒரு வீட்டின் குறையை வீட்டு எண்ணோடு இடுதல் ஆகாது. எவர் வீட்டில் கழிப்பறை இல்லை, எவர் வீட்டில் நோயாளி உண்டு என்பன ஊரறியப் பரப்புவதற்குரியன அல்ல. அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டுவதில்லை என்பது தமிழ் மரபு. நிகழ்ந்ததைச் சொல்லி, நிகழ்ந்தவரைக் காக்கும் அம்மரபு வாழ்க்கைத் தர ஆய்வாளர்க்கும் வழிகாட்டும்.

நிறைவாக

பத்தாண்டுகள் கவிதை படித்தும் நூல்களை ஆய்ந்தும் வளர்ந்த இவ்வட்டம் அடுத்த பத்தாண்டுகளுக்கு ஒரு பணியை மேற்கொள்ளலாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு சிற்றூரை ஏற்றுக்கொள்க. அவ்வூரின் ஏரி, மதகு, தெரு, களம், சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றின் பெயர்களை அவ்வூரார் வாயால் கேட்டு எழுதுக. முதியோர், பெண்டிர், கூலியாளர், மாணவர் என நால்வகையினரிடம், அவ்வூரில் வாழ்வதில் எது எளிது, எது அரிது என வினவி அவர் சொல்லிலேயே பதிவு செய்க. கணினி பயின்ற இளைஞர் அதனைப் படத்தில் ஏற்றட்டும். கிராமசபை அதனைத் திருத்தட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. கால் நடையும் செவிப் பொறுமையும் போதும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூரில் ஒரு வயலுக்குத் துல்லியமான முகவரி இருந்தது. அவ்வயலில் குனிந்து நாற்று நட்டவளுக்கு இல்லை. இனி வரையும் படத்தில் அவளுடைய தெருவிற்குப் பெயர் இருத்தல் வேண்டும். அவள் நடக்கும் வழி இருத்தல் வேண்டும். அவள் சொன்ன சொல்லும் இருத்தல் வேண்டும். அப்பணிக்கு இவ்வட்டத்தின் புலவரும் கவிஞரும் முன்வருவராக. வட்டம் மேலும் பல்லாண்டு வளர்க.